போர் காணாதவர் போர் கற்பிக்கலாமோ?

சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை, எம் மாணவர் விடுதியின் முன்றிலில் நண்பர் சிலர் கூடியிருந்தோம். பேச்சு சரித்திர பாடத்தைப் பற்றி எழுந்தது. ஒரு நண்பர், "துப்பாக்கியைக் கையாலும் தொட்டறியாதவர் யுத்தங்களைப் பற்றி மணிக்கணக்காகப் போதிக்கின்றனர்; நீந்த அறியாதவன் கரையில் நின்று நீச்சல் கற்பிப்பது போலன்றோ இது?" என்றார். மற்றொருவர் அதற்கும் ஒருபடி மேலே சென்று, "கற்பிப்பவர் யாராயினும் ஆகுக, யுத்த சரித்திரத்தைக் கல்லூரியிற் கற்பிப்பதே தகாது, அது கொலையைப் புகழும் கல்வி" என்றார். அவ்விருவர்க்கும் தக்க விடை கூறவியலாது யான் அன்று வாளா இருந்தேன். அவ்விடையைத் தேடி நூலகத்திற் பல நாள் அமர்ந்ததன் பயனே இச்சிறு கட்டுரை. தமிழ் பயில்வோன் சரித்திரப் புலத்துட் புகுதல் வரம்பு கடத்தலாமெனின், கற்றோர் பொறுத்தருள்வாராக.

என் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றேன். போரைக் காணாதவர் போரைக் கற்பிக்கலாம். ஆயின், தாம் காணவில்லை என்பதை ஒருபொழுதும் மறவாதவராய் இருத்தல் வேண்டும். யுத்த சரித்திரம் கல்லூரியிற் கற்பிக்கப்படவும் வேண்டும். ஆயின், அரசர் பெயரும் ஆண்டும் வெற்றியும் தோல்வியும் மட்டும் நிரல்படக் கூறும் முறையில் அன்று. இவ்விரண்டையும் நிலைநாட்டுதற்கு, ஓர் ஆசிரியரின் வாழ்க்கையையும் ஆராய்ச்சியையும் சான்றாக எடுத்துக்கொள்வேன். அவர் இங்கிலாந்து தேயத்தவராகிய ஜான் கீகன் என்பார்.

கீகன் 1934ஆம் ஆண்டில் லண்டனிற் பிறந்தார். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில் அவர் சிறுவர். போர் முடிந்த சில ஆண்டுகளில், தமது பதின்மூன்றாம் வயதளவில், எலும்பைப் பற்றும் காசநோய்க்கு அவர் ஆளானார். துள்ளித் திரிய வேண்டிய இளமையின் பெரும்பகுதி மருத்துவமனைக் கட்டிலிற் கழிந்தது. நோய் தணிந்தபோதும் கால் ஊனம் நீங்கவில்லை. நொண்டி நடக்கும் நிலை வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது. அதனால் எந்தச் சேனையிலும் அவர் சேர்தற்கு இடமில்லாது போயிற்று. 1953இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் பேலியல் கல்லூரியிற் சேர்ந்து சரித்திரம் பயின்றார். கற்றபின் சில ஆண்டுகள் லண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் அலுவல் பார்த்தார். 1960இல், இராணுவ அதிகாரிகளாக விழையும் இளைஞரைப் பயிற்றும் சாண்ட்ஹர்ஸ்ட் கலாசாலையில் யுத்த சரித்திர ஆசிரியராக அமர்ந்தார். இருபத்தாறு ஆண்டுகள் அப்பணியில் இருந்தார்.

வாசகர் இந்நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக. எதிரே அமர்ந்திருக்கும் மாணவர் அனைவரும் நாளைப் போர்க்களம் புகவுள்ளோர். உடன் பணியாற்றும் இராணுவ அதிகாரிகளுள் பலர் முன்னமே போர்க்களம் கண்டு மீண்டோர். அவர் நடுவே நின்று, போர் இத்தன்மைத்து என்று கூற வேண்டியவரோ, சேனையிற் சேர்தற்கும் தகுதியற்ற உடலினர். என் நண்பர் விடுதியிற் கேட்ட கேள்வியைக் கீகனிடம் பிறர் கேட்கவேண்டிய தேவையே இல்லாதிருந்தது. ஒவ்வொரு நாளும் வகுப்பறை வாயிலில் அக்கேள்வி அவரை எதிர்கொண்டிருக்கும்.

இத்தகைய நிலையில் இருப்போர்க்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, அறியாததை அறிந்தவர் போலப் பேசுதல். வீரம், ஆவேசம், இடி முழக்கம் முதலிய சொற்களைக் கொட்டினால் மாணவர் சிறிதுநேரம் மயங்குவர். மற்றொன்று, போரின் உள்ளே புகாமலே அதனைச் சுற்றி வருதல். படை இவ்வழி சென்றது, பகைவர் இவ்வழி வந்தனர், சேனாதிபதி இன்னவாறு சூழ்ந்தார், வெற்றி கிடைத்தது என்று படத்தில் அம்புக்குறி வரைந்து முடித்துவிடலாம். கீகன் இவ்விரண்டையும் கொள்ளவில்லை. 1976இல் அவர் வெளியிட்ட 'போரின் முகம்' என்னும் நூலின் தொடக்கத்திலேயே, தாம் எந்தப் போரிலும் இருந்ததில்லை என்பதை ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். பின்னர், தம் அறியாமையையே ஆராய்ச்சிக்குக் கருவியாக்கினார். கண்டவன் தான் கண்டதைப் பற்றிக் கேள்வி எழுப்புதல் அரிது. காணாதவனோ எல்லாவற்றையும் கேட்டே தீரவேண்டும்.

அந்நூலில் அவர் மூன்று போர்களை எடுத்துக்கொண்டார். அவை 1415இல் நிகழ்ந்த அஜின்கோர்ட் போர், 1815இல் நிகழ்ந்த வாட்டர்லூ போர், 1916இல் நிகழ்ந்த சோம் போர் என்பன. இம்மூன்று களங்களும் ஒன்றற்கொன்று மிகத் தொலைவில் உள்ளன அல்ல. இவற்றைப் பிரித்து நிற்பது காலமே. சேனாதிபதியின் எண்ணம் யாது என்பது அவரது முதற் கேள்வி அன்று. வரிசையில் நின்ற சாதாரண வீரன் எதனைக் கண்டான், எதனைக் கேட்டான், அவன் உடலுக்கு நேர்ந்தது யாது, அவன் ஏன் ஓடாது நின்றான் என்பனவே அவர் கேள்விகள்.

அஜின்கோர்ட் போரை ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தின் வாயிலாக நம்மிற் பலர் அறிவோம். அந்நாடகத்தில் அரசனின் வீரவுரை செவியில் நிறைகின்றது. கீகனோ நம் கண்ணைத் தரைமேற் செலுத்துகின்றார். இரு மருங்கும் காடு அடர்ந்த ஒடுங்கிய வயல். புதிதாக உழுது விதைத்த நிலம். இரவெல்லாம் பெய்த மழையாற் சேறு. அச்சேற்றிற் கனத்த இரும்புக் கவசம் பூண்ட பிரெஞ்சு வீரர் கால்நடையாக நெருங்கி வருகின்றனர். முன்னே வருவோர் ஆங்கிலேயர் வரிசையில் முட்டி நிற்க, பின்னே வருவோர் அதனை அறியாது தள்ளுகின்றனர். நெருக்கத்தில் ஆயுதத்தை ஓங்கவும் இடமில்லை. விழுந்தவன் எழ வழியில்லை. ஆங்கிலேயர் தொகையிற் குறைந்திருந்தும் வென்றது தெய்விக வீரத்தால் மட்டும் அன்று. கூட்டமே கூட்டத்திற்குப் பகையானமையாலும் என்பது இவ்வாறு விளங்குகின்றது.

அப்போரைக் குறித்த பழைய குறிப்புகள், இறந்தோர் உடல்கள் ஆள் உயரத்திற்கும் மேலாகச் சுவர்போற் குவிந்தன என்று கூறுகின்றன. பின்வந்தோர் அதனை அவ்வாறே எழுதிப் போந்தனர். கீகன் இதனை மறுத்தார். மனித உடல்கள் சுவராக அடுக்கப்படும் இயல்பின அல்ல. சரிந்து சிதறிக் கிடக்கும் இயல்பினவே என்று காட்டினார். இதற்கு அவர் கொணர்ந்த சான்று, இரண்டாம் உலகப்போரின் முடிவில் நாஜிகளின் பெல்சன் சிறைமுகாமில் எடுக்கப்பட்ட சலனப்படம். இதனைப் படித்தபோது என் உள்ளம் நடுங்கிற்று. ஐந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட ஒரு மிகையுரையைத் திருத்துதற்கும், பிணங்களை நேர்நின்று நோக்கும் துணிவு ஓர் ஆசிரியர்க்கு வேண்டியிருந்தது. இத்தகைய கல்வியைக் கொலையைப் புகழும் கல்வி என்று கூற எவர்க்கு நாவெழும்?

வாட்டர்லூவில், குதிரைப்படை காலாட்படையின் சதுர வியூகத்தின்மேற் பாய்ந்ததைச் சித்திரக்காரர் பலர் தீட்டியுள்ளனர். குதிரைகள் துப்பாக்கி முனை ஈட்டிகளின்மேல் மோதிப் பொடிபடுவது போல அச்சித்திரங்கள் தோன்றும். கீகன் குதிரையின் இயல்பை ஆராய்ந்தார். அசையாது நிற்கும் திரளின்மேல் குதிரை தானாக மோதாது. விலகும், அன்றி நின்றுவிடும். ஆதலின், அங்கு உண்மையில் நிகழ்ந்தது மோதல் அன்று. ஒருவர் நெஞ்சுரத்தை ஒருவர் சோதித்த சோதனையே. வியூகம் கலையாது நின்றமட்டும் குதிரைகள் அதனைச் சுற்றிச் சுழன்றன. முதல்நாள் இரவு முழுவதும் மழையில் நனைந்து, பலர் உண்ணாதும் உறங்காதும் நின்றவர்கள் அவ்வீரர்கள். வெடிமருந்துப் புகையால் சில அடிக்கு அப்பால் அவர்க்கு ஒன்றும் தெரியவில்லை. உலக சரித்திரத்தை மாற்றிய போரில் தாம் நிற்பதை அவருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

சோம் போரின் கணக்கு நெஞ்சைப் பிளப்பது. 1916 ஜூலை 1ஆம் நாள் ஒன்றில் மட்டும் ஆங்கிலச் சேனையிற் காயமுற்றோரும் மாண்டோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 57,000 பேர். அவருள் உயிரிழந்தோர் 19,000க்கும் மேற்பட்டோர். அதற்குமுன் ஒரு வாரம் இடைவிடாது ஏறத்தாழ 15 இலட்சம் பீரங்கிக் குண்டுகள் எதிரியின்மேற் பொழியப்பட்டன. எதிரே உயிருள்ள பகைவர் எவரும் எஞ்சியிரார் என்று வீரர்க்குக் கூறப்பட்டது. அங்ஙனமாயின் அவ்வளவு பேர் மாண்டது எவ்வாறு? கீகன் குண்டின் எடையையே ஆராய்கின்றார். அவ்வெடையிற் பெரும்பகுதி இரும்புக் கூடு, வெடிமருந்து சிறுபகுதியே. பல குண்டுகள் வெடிக்கவே இல்லை. சிதறுகுண்டுகள் முள்வேலியை முற்றும் அறுக்கவில்லை. செருமானியரோ நிலத்தடியில் ஆழமான அறைகள் குடைந்து பதுங்கியிருந்தனர். பீரங்கி ஓய்ந்த கணத்தில் இருதிறத்தாரிடையே ஓர் ஓட்டப்பந்தயம் தொடங்கிற்று. செருமானியர் படியேறி இயந்திரத் துப்பாக்கியை அடைதல் வேண்டும். ஆங்கிலேயர் முப்பது கிலோகிராம் அளவினதாகிய சுமையைத் தாங்கி இடைவெளியைக் கடத்தல் வேண்டும். அப்பந்தயத்தின் முடிவே 57,000 என்னும் எண். சேனாதிபதி தவறினார் என்று ஒரு வரியில் எழுதிச் செல்வதினும், இவ்வாறு விளக்குவதன்றோ உண்மையான கண்டனம்?

இவ்வாறு அளந்து கேட்கும் முறை கீகனுக்கு முன்னரே தோன்றியதொன்று. பெர்லின் சர்வகலாசாலையில் ஆசிரியராய் விளங்கிய ஹான்ஸ் டெல்ப்ரூக் என்பார் இதற்கு வழிகாட்டி. கி.மு. 480இல் பாரசீக மன்னன் செர்க்சிஸ் கிரேக்க தேயத்தின்மேற் படையெடுத்தபோது அவனுடன் வந்தோர் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்று ஹெரடோட்டஸின் சரித்திரத்தால் அறிகின்றோம். டெல்ப்ரூக், தம் காலத்துச் செருமானியச் சேனைப் பிரிவொன்று வழிநடக்கையில் எவ்வளவு நீளம் கொள்ளும் என்பதை அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்டார். அத்தனை பேர் நடந்திருப்பின், படையின் தலை கிரேக்க நாட்டுத் தெர்மாப்பிலேயை எட்டும்பொழுது அதன் வால் பாரசீகத் தலைநகரினின்றும் புறப்பட்டுக்கொண்டிருக்கும் என்று காட்டினார். ஒரு கணக்கு, அதனால் ஈராயிரம் ஆண்டுப் புனைவு வீழ்ந்தது. டெல்ப்ரூக் தம் இளமையில் 1870ஆம் ஆண்டுப் போரிற் பங்குகொண்டவர் என்பது உண்மையே. எனினும், செர்க்சிஸின் படையை அவரும் கண்டவரல்லர். அவர்க்கு உதவியது கண்ட கண் அன்று, அளக்கும் அறிவே.

"ஆயினும் கண்டவர் சொல்லே சிறந்தது" என்று என் நண்பர் மறுப்பர். கண்டவர் சொல் பெரிதும் போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. மைக்கேல் ஹவர்டு என்னும் பேராசிரியர் இரண்டாம் உலகப்போரில் இத்தாலிக் களத்திற் போரிட்டு, வீரப் பதக்கம் பெற்றவர். பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் யுத்த ஆராய்ச்சித் துறை தோன்றுதற்குக் காரணராய் இருந்தவர். அத்தகையார், தாம் களம் கண்டமையே போதும் என்று கூறினாரல்லர். யுத்த சரித்திரத்தை அகலமாகவும் ஆழமாகவும், அவ்வக் கால சமுதாயச் சூழலோடு பொருத்தியும் கற்றல் வேண்டும் என்று 1961இல் நிகழ்த்திய ஒரு விரிவுரையில் வற்புறுத்தினார். களம் கண்டவரே கல்வியின் தேவையை உணர்ந்திருப்பாராயின், காணாத நாம் அதனை இகழ்தல் எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு மறுதலையான சான்றும் ஒன்றுண்டு. எஸ். எல். ஏ. மார்ஷல் என்னும் அமெரிக்க இராணுவச் சரித்திரக்காரர், போர்முனைக்கே சென்று வீரரை வினவியவர். போரில் ஈடுபட்ட காலாள் வீரருள் நான்கில் ஒரு பங்கினர்க்கு மேல் துப்பாக்கியைச் சுடுவதில்லை என்று 1947இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். களத்தில் இருந்தவர் கூறியது என்பதனால் உலகம் அதனை ஏற்றது. கீகனும் அவரைப் பெரிதும் மதித்தார். 1988ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியாளர் அவருடைய குறிப்புகளைத் துருவி நோக்கியபோது, அக்கணக்கிற்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. கண்டவர் என்பதே சான்றாகிவிடின் நேரும் பிழை இது. எனவே, கண்டவனிடம் கேட்க வேண்டும்; கேட்டதைச் சோதிக்கவும் வேண்டும். முன்னது பணிவு, பின்னது அறிவு. இவ்விரண்டும் உடையவரே யுத்த சரித்திரம் கற்பித்தற்கு உரியர். அவர் தோளில் துப்பாக்கி தொங்கியிருந்ததா என்பது அடுத்த கேள்வியே.

கீகன் குற்றமற்றவர் என்பது என் கருத்தன்று. மார்ஷலின் சொல்லை அவர் எளிதில் நம்பினார் என்பதை மேலே கூறினேன். 1993இல் வெளியிட்ட 'போரின் சரித்திரம்' என்னும் பெருநூலில் அவர் செருமானிய ஞானி கிளாசெவிட்சின் கொள்கையைத் தாக்கியெழுதியபோது, அவர் அந்நூலைச் சரிவர உணரவில்லை என்று துறைபோய அறிஞர் கண்டித்தனர். தம் இறுதிக்காலம்வரை, அஃதாவது 2012இல் மறையும்வரை, அவர் எழுதியவற்றுள் ஏற்றற்குரியனவும் தள்ளற்குரியனவும் உள. அதனாலென்? ஓர் ஆசிரியரை நாம் போற்றுவது அவர் முடிவுகள் எல்லாம் பொன்போலும் என்பதனால் அன்று. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கக் கற்பித்தார் என்பதனால்.

இனி இரண்டாம் நண்பரின் தடைக்கு வருவேன். யுத்த சரித்திரம் இளைஞர் உள்ளத்திற் போர்வெறியை மூட்டும் என்பது அவர் அச்சம். எத்தகைய சரித்திரம் அவ்வாறு மூட்டும் என்பதை ஆராய்தல் வேண்டும். வெற்றி பெற்ற அரசனின் குதிரையும் கொடியும் மட்டும் காட்டும் சரித்திரம் மூட்டும். இறந்தோரை எண்ணாகவும் எண்ணாது விடும் சரித்திரம் மூட்டும். சேற்றில் மூச்சுத் திணறியவனையும், பசியோடு புகையில் நின்றவனையும், முள்வேலியிற் சிக்கியவனையும் காட்டும் சரித்திரம் அவ்வெறியை அவிக்கும். நோயைப் பற்றிக் கற்பித்தலே பாவம் என்று மருத்துவக் கலாசாலையை மூடுவாருண்டோ? போர் உலகினின்றும் நீங்கும்வரை அதனைப் பற்றிய உண்மையை எவரேனும் கற்பித்தே ஆக வேண்டும். கற்றவர் அதனைக் கைவிடின், அவ்விடத்தைச் சலனப்படக்காரரும் மேடைப் பேச்சாளரும் நிரப்புவர்.

மறக்கப்பட்டோரை நினைவிற் கொணர்தலும் இக்கல்வியின் பயன்களுள் ஒன்று. முதல் உலகப்போரில் மாண்டோர்க்குக் கல்லறை அமைத்தற்கென 1917இல் ஓர் ஆணைக்குழு நிறுவப்பட்டது. அதிகாரி என்றும் சிப்பாய் என்றும் வேற்றுமையின்றி எல்லார்க்கும் ஒரே வகைக் கல் என்பது அதன் உயரிய கொள்கை. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டத்தில், வரிசை வரிசையாக ஒரே உயரத்தில் நிற்கும் கற்களைக் கண்டோர் இதனை உணர்வர். ஆயினும், ஐரோப்பாவிற்கு வெளியே அக்கொள்கை பல இடங்களிற் கைவிடப்பட்டது. ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் மாண்ட ஆப்பிரிக்கரும் இந்தியருமாகிய பல்லாயிரவர், ஏனையோர்க்கு ஒப்பாக நினைவுகூரப்படவில்லை. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பெயர் எங்கும் பொறிக்கப்படவே இல்லை. இதனை அவ்வாணைக்குழுவே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பழைய ஏடுகளைப் புரட்டிய சரித்திர ஆராய்ச்சியாளர் உழைப்பின்றி இவ்வொப்புதல் வந்திராது. யுத்த சரித்திரம் கொலையைப் புகழும் கல்வி என்ற நண்பர், கொலையுண்டவனின் பெயரைத் தேடித் தரும் கல்வியும் அதுவே என்பதை எண்ணுவாராக.

இப்பொருளில் எனக்கு இத்துணை ஆர்வம் எழுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை மறையாது கூறுவேன். எங்கள் வீட்டிற் பழைய தகரப் பெட்டி ஒன்றில் ஆறு முனையுள்ள வெண்கல நட்சத்திரப் பதக்கம் ஒன்று கிடக்கின்றது. அஃது என் பாட்டியாரின் தந்தையாருடையது. அவர் இரண்டாம் உலகப்போரில் பர்மாப் போர்முனைக்குச் சென்று லாரி ஓட்டினார். 1944இல் கொஹிமா, இம்பால் போர்கள் நிகழ்ந்த காலத்தில் திமாப்பூரினின்றும் செல்லும் மலைப்பாதையில் இருந்தார் என்பது மட்டுமே எங்கள் குடும்பம் அறிந்தது. ஊர் மீண்டபின் அவர் அதனைப் பற்றிப் பேசியதில்லை. பெருமழை பெய்யும் இரவுகளில் உறங்காது திண்ணையில் அமர்ந்திருப்பாராம். "ஏன் ஐயா தூங்கலை என்று ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை, கேட்டிருக்கலாம்" என்று பாட்டியார் இப்பொழுதும் சொல்லுவார். யான் பிறக்குமுன்னரே அவர் மறைந்தார். அவர் கண்டதை அறிய இனி எனக்கு வழியில்லை. கொஹிமாப் போரைப் பற்றிய நூல்களில் சேனாதிபதிகளின் பெயர்கள் உள. மழையிற் சறுக்கும் பாதையில் லாரி ஓட்டியவன் நெஞ்சில் நின்றது யாது என்பதை எவர் கேட்டார்? கீகனைப் போன்ற ஓர் ஆசிரியரிடம் பயின்ற மாணவன் ஒருவன் எங்கள் தெருவில் இருந்திருப்பின், அவன் திண்ணையருகே சென்று அமர்ந்திருப்பான் அல்லனோ?

தமிழ் பயிலும் என்போன்றார்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. புறத்திணைகளின் பெயரையும் துறைகளையும் நாம் பிழையின்றி ஒப்பிப்போம். ஆயிரம் யானைகளைப் போரில் வென்ற வீரனைப் பாடுவது பரணி என்னும் இலக்கணத்தையும் அறிவோம். ஆயிரம் யானைக்கு ஒருநாளைக்கு எவ்வளவு தீனி வேண்டும், எவ்வளவு நீர் வேண்டும், புண்பட்ட யானை எத்திசையில் ஓடும், அதன் காலின்கீழ் அகப்படுபவர் பகைவரோ தம்மவரோ என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? புலவன் எண் புலவனுக்கு உரியது. அதனைக் குறை கூறுதல் நம் வேலையன்று. ஆயின், பாட்டின் எண்ணைச் சரித்திரத்தின் எண்ணாகக் கொண்டு பெருமை பேசுவோம் எனின், ஹெரடோட்டஸை நம்பியவர்களின் வரிசையில் நாமும் நிற்போம். கேள்வி கேட்பதால் பாட்டின் அழகு குன்றாது; அப்பாட்டின் பின்னே நின்ற மனிதரின் துன்பமே நமக்குத் துலங்கும்.

இறுதியாக, நம் கல்லூரியில் இயலக்கூடிய மூன்று செயல்களை ஆசிரியர் முன்னும் மாணவர் முன்னும் பணிவுடன் வைக்கின்றேன். ஒன்று: சரித்திர வகுப்பில் எந்தப் போரைக் கற்பினும், களத்தின் அகலம் எவ்வளவு, அன்றைய பருவநிலை யாது, வீரர் உண்டது என்ன, அவர் கண்ணுக்கு எட்டியது எவ்வளவு, காயமுற்றோர் கதி யாதாயிற்று என்னும் ஐந்து கேள்விகளையேனும் கேட்போமாக. இரண்டு: பழைய மாணவர் குடும்பங்களில் போர்ப்பணி புரிந்தோர் எழுதிய கடிதங்கள், பதக்கங்கள், குறிப்புகள் இருப்பின், அவற்றின் படிகளைத் திரட்டி நம் நூலகத்தில் ஒரு பேழையில் வைப்போமாக. மூன்று: போர்ப்பணி முடித்து ஓய்வில் ஊர்தோறும் வாழும் முதியோரை விடுமுறை நாட்களிற் கண்டு, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிவைப்போமாக. சரித்திர மாணவர் கேள்வியை வகுக்கட்டும். தமிழ் மாணவர் அவர்தம் பேச்சைச் சிதையாது பதிவுசெய்யட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், சிறிது பொறுமையும், பேசாது கேட்கும் பணிவும் போதும்.

விடுதி முன்றிலில் அன்று விடுத்த வினாவுக்கு என் விடை இதுவே. நீந்த அறியாதவன் நீச்சல் கற்பித்தல் தகாது, உண்மை. ஆயின், ஆற்றில் மூழ்கியவர் எத்தனை பேர், எவ்விடத்தில் மூழ்கினர், ஏன் மூழ்கினர் என்பதைக் கரையில் நின்று எண்ணி எழுதி வைப்பவனும் ஊருக்கு வேண்டியவனே. ஊனமுற்ற காலோடு வகுப்பறை வாயிலில் நின்ற அவ்வாசிரியர் செய்தது அத்தொழிலே. வரும் விடுமுறையில் யான் ஊர் செல்லும்போது, அத்தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டியார் அருகில் அமர்வதாக உறுதி பூண்டுள்ளேன். தந்தையாரைப் பற்றி அவர் அறிந்தது சிறிதே ஆயினும், அச்சிறிதேனும் ஏட்டில் ஏறட்டும். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளையும் திறந்து பாருங்கள்.